ரிச்சி தெருவில் பிராசசர் வாங்கிய காலங்கள்

ரிச்சி தெருவில் கொட்டேஷன் எழுதினால் முதல் வரி பிராசசருக்குத்தான். அடுத்து மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், கடைசியில் யூபிஎஸ். வாங்க வந்தவர் கையில் இருக்கும் பணம் மாறாது. அதனால் முதல் வரியில் இரண்டாயிரம் ஏறினால் கீழே ஏதோ ஒரு வரியில் இரண்டாயிரம் இறங்கும். பெரும்பாலும் அது ரேமாக இருக்கும். இல்லையென்றால் கேபினெட்டுக்குள் மறைந்திருக்கும் எஸ்எம்பிஎஸ். எந்தக் காலத்தில் அந்த முதல் வரியை எப்படி எழுதினோம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய பில் புத்தகங்களை எல்லாம் எடைக்குப் போட்டாகிவிட்டது. தெருவில் என்னோடு தொழில் பழகியவர்களில் பலர் செல்போன் உதிரி பாகங்களுக்கும் சிசிடிவி கேமராவுக்கும் மாறிவிட்டார்கள். நினைவில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்கள் ரிச்சி தெரு என்று சொல்வது ஒரே ஒரு தெருவை அல்ல. சென்னையில் அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக் கிடக்கும் சந்துகள் எல்லாம் சேர்ந்தது அது. ரேடியோ உதிரி பாகங்களில் தொடங்கிய வியாபாரம், டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், டி.வி. என்று காலத்துக்குத் தகுந்தபடி சரக்கை மாற்றிக்கொண்டது. நான் 1992ல் டூ-இன்-ஒன் ரிப்பேர் கடைக்கு எடுபிடியாக வந்து சேர்ந்தபோது, கண்டன்சரும் ஐசியும் விற்ற கண்ணாடிப் பெட்டிகளில் கம்ப்யூட்டர் கார்டுகள் அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சாலிடரிங் தெரிந்த பையன் என்பதால் என்னை அந்தப் பக்கம் அனுப்பினார் முதலாளி.

அப்போது தெருவில் ஓடியது 386ம் 486ம். இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லா விலை மாற்றங்களுக்கும் வேர் அதுதான். 1981ல் ஐபிஎம் தன் பி.சி.யில் இன்டெல்லின் 8088 சிப்பைப் போட்டது. ஒரே கம்பெனியை நம்பி இருக்க ஐபிஎம் விரும்பவில்லை. வேறொருவரும் அதே சிப்பைத் தயாரித்துத் தர வேண்டும் என்றது. அப்படித்தான் 1982 ஒப்பந்தத்தின்படி ஏஎம்டி அந்த வரிசைக்குள் வந்தது. 1985ல் 386 வந்தபோது அதை யாரோடும் பகிர்வதில்லை என்று இன்டெல் முடிவெடுத்தது. வழக்கு, இழுபறி எல்லாம் நடந்து, 1991ல் ஏஎம்டி தன் சொந்த 386ஐ இறக்கியது. இன்டெல்லின் 386 அதிகபட்சம் 33 மெகாஹெர்ட்ஸ், ஏஎம்டியுடையது 40. விலையும் குறைவு. எங்கள் கண்ணாடிப் பெட்டியில் முதல்முறையாக ஒரே வேலைக்கு இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. நான் சொல்ல வருவதன் சாரமே இதுதான்: கொடுத்த காசுக்கு நல்ல வேகம் கிடைத்த காலங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் இரண்டு பெயர்களும் பலமாக இருந்த காலங்கள்.

அதே 1991ல் இன்டெல் 486 எஸ்எக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 486 டிஎக்ஸில் கணக்குப் போடும் தனிப் பகுதி சிப்புக்குள்ளேயே இருக்கும். எஸ்எக்ஸில் அது இல்லை. ஆரம்பத்தில் வந்த எஸ்எக்ஸ்களில் அந்தப் பகுதியும் இருந்தது, அதை முடக்கி வைத்து விற்றார்கள். பிறகு அந்தப் பகுதி வேண்டும் என்பவர்களுக்கு 487 என்று தனியாக ஒரு சிப். அதைச் சொருகினால் பழைய சிப் தூங்கிவிடும், ஏனென்றால் 487 என்பதே ஒரு முழு 486 டிஎக்ஸ்தான். விலை என்பது சிப் செய்யும் செலவிலிருந்து வருவதில்லை, சந்தையில் எந்தப் படியில் யார் நிற்கிறார் என்பதிலிருந்து வருகிறது என்று எனக்கு அன்றே விளங்கியது. சவுகார்பேட்டையில் டேலி போட்டுக் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு எஸ்எக்ஸ் தாராளம். ஆட்டோகேட் போட்டு வரைபடம் வரையும் இன்ஜினீயருக்கு அது வீண் செலவு. அந்த வித்தியாசத்தை வாங்குபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் கொட்டேஷன் எழுதுபவனின் முதல் வேலை. என் முதலாளி விலை கேட்டு வந்தவரிடம் விலை சொல்லவே மாட்டார். "என்ன வேலைக்கு சார்?" என்றுதான் ஆரம்பிப்பார்.

386 என்ற எண்ணுக்கு வணிகச் சின்ன உரிமை கிடையாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னதால் 1993ல் பென்டியம் என்ற பெயர் பிறந்தது. பெயர் வந்ததும் மக்கள் பெயரைக் கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்த நாலைந்து வருடங்கள் சாக்கெட் 7 காலம். ஒரே போர்டில் இன்டெல் பென்டியமும் போடலாம், ஏஎம்டி கே6ம் போடலாம், சைரிக்ஸ் 6எக்ஸ்86ம் போடலாம். சைரிக்ஸ் 133 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டு தன்னை 166+ என்று சொல்லிக்கொள்ளும். வேர்டு, எக்செல் வேலையில் அந்தப் பேச்சு நியாயம்தான். ஆனால் தசமக் கணக்கில் பலவீனம். 1996ல் குவேக் விளையாட்டு வந்ததும் அந்தப் பலவீனம் வெளியே வந்தது. இதே காலத்தில் குறைந்த வேக சிப்பின் மேல் எழுத்தை அழித்துவிட்டு அதிக வேகத்தை அச்சடித்து விற்கும் மோசடியும் உலகம் முழுக்க நடந்தது. அதைத் தடுக்க இன்டெல் தன் சிப்களில் பெருக்கு எண்ணைப் பூட்டி வைத்தது. சிப்பும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதையான பஸ் 66 மெகாஹெர்ட்ஸ், அதை நாலரையால் பெருக்கினால் 300 என்றால், அந்த நாலரையை யாரும் மாற்ற முடியாது.

இந்தப் பூட்டுதான் 1998ல் ஒரு விசித்திரத்துக்கு வழி செய்தது.

அந்த வருடம் ஏப்ரலில் வந்த முதல் செலரான் ஏமாற்றம். தரவைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் வேக நினைவகமான கேஷில் இரண்டாம் நிலையையே இல்லாமல் விட்டிருந்தார்கள். ஆபீஸ் வேலையில் பழைய பென்டியத்தைவிடச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஆகஸ்ட் 24 அன்று செலரான் 300ஏ வந்தது. சிப்பின் உள்ளேயே 128 கே.பி. இரண்டாம் நிலை கேஷ், அதுவும் சிப்பின் முழு வேகத்தில். அன்றே வந்த பென்டியம் 2 – 450ல் கேஷ் 512 கே.பி., ஆனால் அது வெளியே தனியாக இருந்தது, பாதி வேகம். ஆயிரம் சிப்கள் மொத்தமாக வாங்குபவருக்கான பட்டியல் விலையில் 300ஏ 149 டாலர், 450 பென்டியம் 2 669 டாலர். டாலர் நாற்பத்திரண்டு ரூபாய்ச் சொச்சம் இருந்த நேரம். ஒன்று ஆறாயிரத்துச் சில்லறை, இன்னொன்று 28,000க்கு மேல். வரி, டீலர் லாபம் எல்லாம் அதற்குப் பிறகு.

பெருக்கு எண் பூட்டியிருந்தது, ஆனால் பஸ் வேகம் பூட்டவில்லை. 440பிஎக்ஸ் சிப்செட் போர்டில் பஸ்ஸை 66லிருந்து 100க்கு ஏற்றினால், அதே நாலரைப் பெருக்கத்தில் 450 வந்து நிற்கும். பஸ் வேகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் போர்டாக இருந்தால், ஸ்லாட் கார்டில் பி21 என்ற ஒரே ஒரு பின்னின் மேல் மெல்லிய டேப் ஒட்ட வேண்டும். போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் சிப் என்று எடுத்துக்கொள்ளும். பயாஸ் திரையில் 450 என்று எழுத்து வந்ததும் கடையில் நின்ற எல்லோரும் கிட்டே வந்து பார்த்தோம். ஆறாயிரம் ரூபாய்ச் சரக்கு 28,000 ரூபாய்ச் சரக்கின் வேலையைச் செய்தது. பல வேலைகளில் அதற்குச் சமமாக, சிலவற்றில் மயிரிழை முந்தியும் ஓடியது.

அன்று எல்லோரும் அதில்தான் மயங்கினார்கள். ஆனால் நான் பெருமையாக நினைப்பது டேப் ஒட்டாத 300ஏவைத்தான். எல்லா சிப்பும் 450க்கு ஏறாது. ஏறினாலும் சித்திரை வெயிலில் ஃபேன் மட்டும் சுற்றும் அறையில் மதியம் இரண்டு மணிக்கு நின்றுவிடும். ரேமும் 100 மெகாஹெர்ட்ஸ் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதற்குத் தனி விலை. விளையாட்டுப் பையன்கள் கேட்டால் போட்டுக் கொடுத்தோம். திருவல்லிக்கேணியிலிருந்து டிடிபி சென்டர் வைத்திருப்பவர் வந்தால் 300ஐ 300ஆகவே விட்டோம். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவருக்கு 450 தேவையில்லை. மீந்த பணத்தில் ரேமை 32 எம்.பி.யிலிருந்து 64 ஆக்கிக் கொடுத்தால் அவர் வேலை இரட்டிப்பாகும். அந்த ரேமுக்கான பணம் மிஞ்சியது செலரான் விலையால்தான். அடுத்த வருடமே கிராஃபிக்ஸ் சேர்ந்தே வரும் 810 சிப்செட் போர்டுகள் வந்தன. செலரானும் 810 போர்டும் சேர்ந்த காம்போதான் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களில் முதல் பிரவுசிங் சென்டர்களைத் திறந்து வைத்தது என்பேன். தென்மாவட்டத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து, காலையில் பணத்தைக் கொடுத்து, சாயங்காலம் அட்டைப்பெட்டிகளோடு திரும்பியவர்களை எனக்கு இன்றும் முகம் முகமாக நினைவிருக்கிறது.

இன்டெல் ஏன் இவ்வளவு நல்ல சரக்கை இவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தது? மனமிரங்கி அல்ல. அதே 1998 மே மாதம் ஏஎம்டி கே6-2ஐ இறக்கி, மலிவு கம்ப்யூட்டர் சந்தையைப் பறித்துக்கொண்டிருந்தது. அந்தப் பயம்தான் 128 கே.பி. கேஷாக எங்கள் கைக்கு வந்தது.

அடுத்த மூன்று வருடம் பொற்காலம். 1999ல் அத்லான், 2000 மார்ச் 6ல் ஏஎம்டி ஆயிரம் மெகாஹெர்ட்ஸைத் தொட்டது, இரண்டு நாள் கழித்து இன்டெல். அந்த ஜூனில் டியூரான். அத்லானின் சின்னத் தம்பியான டியூரானை 300ஏவுக்கு நிகராக மதிக்கிறேன். அதன் மேல் பரப்பில் எல்1 என்று எழுதிய இடத்தில் வெட்டிவிடப்பட்ட சின்னப் பாலங்கள் இருக்கும். பள்ளிக்கூடப் பென்சிலால் அந்த இடைவெளிகளைக் கோடு போட்டு இணைத்தால் பெருக்கு எண் பூட்டு திறந்துவிடும். பென்சில் கரியில் மின்சாரம் பாயும் என்று பள்ளியில் படித்தது அப்படிப் பயன்பட்டது. எங்கள் கையில் பயம் இருந்தது வேறு விஷயத்தில். அந்தச் சிப்களுக்கு மேல் உலோக மூடி கிடையாது. ஹீட்சிங்க் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்டும்போது கை சறுக்கினால் சிப்பின் மூலை உடையும், அல்லது போர்டில் கோடு விழும். புதுப் பையன்களிடம் டியூரான் அசெம்பிளி கொடுக்கவே மாட்டோம்.

அந்தக் காலத்தில்தான் "ஏஎம்டி சூடாகும்" என்ற பேச்சு பிறந்தது. அப்போது அதில் உண்மை இருந்தது. ஹீட்சிங்க் கழன்றால் இன்டெல் சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் அல்லது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அன்றைய அத்லானுக்கு அந்தத் தற்காப்பு இல்லை, சில நொடியில் கருகும். ஏசி இல்லாத பிரவுசிங் சென்டரில், தூசி அடைத்த ஃபேனோடு அது கஷ்டப்படத்தான் செய்தது. ஆனால் அந்தப் பேச்சு உண்மையைவிட நீண்ட ஆயுள் கொண்டது. 2004 பிப்ரவரியில் இன்டெல்லின் பிரெஸ்காட் பென்டியம் 4 வந்தபோது நிலைமை தலைகீழ். 3.4 கிகாஹெர்ட்ஸ் பிரெஸ்காட் நூறு வாட்டுக்கு மேல் இழுத்தது. அந்நேரத்தில் ஏஎம்டியின் அத்லான் 64 வேலை இல்லாதபோது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு குளிர்ச்சியாக இருந்தது. தெருவுக்கு வந்தவர்களோ "ஏஎம்டி வேணாம் அண்ணே, சூடாகும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா பிள்ளைக்குச் சொன்னார், பிள்ளை நண்பனுக்குச் சொன்னான். சூடு என்பது எங்கள் ஊரில் வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல. சிப் கூடுதலாக இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் யூபிஎஸ் தாங்கும் நிமிடங்களைக் குறைக்கும். 2008க்குப் பிறகு மின்வெட்டு கூடி, 2012ல் வெளிமாவட்டங்களில் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, பழைய பென்டியம் 4 வைத்திருந்த ஜெராக்ஸ் கடைக்காரர்கள் பேட்டரிக்குச் செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது கொடுப்பது மட்டும் விலையல்ல.

பென்டியம் 4 காலத்தை நான் அன்போடு நினைப்பதில்லை. 2000 நவம்பரில் வந்தது, 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். பல வேலைகளில் ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐத் தாண்ட முடியவில்லை. ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதைக் கூட்டுவதற்காக வேலையை இருபது படிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் முடிகிற வேலை குறைந்துவிட்டது. ஆனால் விளம்பரம் துடிப்பைத்தான் பேசியது. வந்தவர்கள் எல்லோரும் "எத்தனை கிகா?" என்று மட்டும் கேட்டார்கள். 2001 அக்டோபரில் ஏஎம்டி அத்லான் எக்ஸ்பிக்கு 1500+, 1800+ என்று பெயர் வைத்தது இதற்குப் பதில் சொல்லத்தான். 1800+ ஓடுவது 1533 மெகாஹெர்ட்ஸில். பயாஸில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "1800ன்னு சொன்னீங்க, இதுல 1533ன்னு வருதே" என்று முகம் சிவந்து நின்றவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். நான் பேச்சைக் குறைத்து, ஒரே பாட்டு ஃபைலை இரண்டு சிஸ்டத்திலும் எம்பி3யாக மாற்றிக் கடிகாரத்தைக் காட்டுவேன். அதற்குப் பிறகு யாரும் சண்டை போட்டதில்லை.

2002ல் வந்த பென்டியம் 4 வகைச் செலரானைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதே செலரான் பெயர். அதே 128 கே.பி. கேஷ். 300ஏவின் புகழை நம்பி ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். ஆனால் நீண்ட படிகள் கொண்ட அந்த வடிவமைப்புக்கு 128 கே.பி. போதவே போதாது; தரவுக்குக் காத்துக் காத்தே அதன் நேரம் போனது. இரண்டு கிகாஹெர்ட்ஸ் என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தும், அதைவிடக் குறைந்த எண் கொண்ட டியூரான் அதை முந்தியது. ஒரு தலைமுறையில் நல்ல பேரம் என்று பெயர் எடுத்த சிப்பின் பெயரை அடுத்த தலைமுறையில் நம்பி வாங்கக்கூடாது. இது இன்றைக்கும் ஐ3, ஐ5, ரைசன் 5 என்ற பெயர்களுக்குப் பொருந்தும். எந்தத் தலைமுறை என்று கேட்காமல் வெறும் ஐ5 என்று கேட்டு வாங்கி, ஏழெட்டு வருடப் பழைய சரக்கைப் பளபளப்பான கேபினெட்டில் வீட்டுக்குத் தூக்கிச் செல்பவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தது. துடிப்பைத் துரத்துவதை இன்டெல் விட்டுவிட்டு, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலை முடிக்கும் வடிவமைப்புக்குத் திரும்பியது. இ6300 வெறும் 1.86 கிகாஹெர்ட்ஸ், 183 டாலர். 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ வெட்கப்பட வைத்தது. ஏஎம்டி அதே மாதம் தன் விலைகளை ஒரே அடியாகக் கீழே இறக்க வேண்டி வந்தது. எந்தப் பக்கம் வாங்கினாலும் லாபம்.

மறு வருடம் ஜூலையில் நடந்தது இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி. 2007 ஜனவரியில் 851 டாலருக்கு வந்த நாலு கோர் கியூ6600, ஜூலையில் 266 டாலருக்கு இறங்கியது. அதே நாள், அதே 266 டாலருக்கு இன்னொன்றும் வந்தது: இ6850, இரண்டு கோர், 3 கிகாஹெர்ட்ஸ். கியூ6600 நாலு கோர், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ். டாலர் நாற்பதுக்கு வந்திருந்த நேரம். இரண்டுமே பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாய். விலை ஒன்றே என்றானபின் எது வேகம் என்ற கேள்விக்கு சிப்பில் பதில் இல்லை, வாங்குபவரிடம்தான் இருந்தது. அன்றைய விளையாட்டுகள் ஒன்றிரண்டு கோர்களைத்தான் பயன்படுத்தின. விளையாடும் பையனுக்கு இ6850. கல்யாண வீடியோ ஸ்டூடியோக்காரருக்கோ கதை வேறு. முகூர்த்த மாதத்தில் அடுத்தடுத்து மூன்று நாலு கல்யாணம் எடுத்திருப்பார். எடிட்டிங் முடித்து டிவிடியாக மாற்ற ராத்திரியெல்லாம் சிஸ்டம் ஓடும். அந்த மாற்றும் வேலை நாலு கோரையும் முழுசாகத் தின்னும். வடபழனியிலிருந்து வந்த ஒரு ஸ்டூடியோக்காரர் கியூ6600 போட்டுக்கொண்டு போனவர், அடுத்த வாரம் தன் தொழிலில் இருந்த நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, ராத்திரி போட்டா விடியறதுக்குள்ள முடிஞ்சிடுது, பார்ட்டிக்கு சொன்ன தேதியில கொடுத்துடறேன்" என்றார். விவரம் தெரிந்தவர்கள் பெட்டியின் மேல் எஸ்எல்ஏசிஆர் என்ற குறியைத் தேடி வாங்கினார்கள். அது பிந்தைய வார்ப்பு, 105 வாட் என்றிருந்த கணக்கு அதில் 95 ஆகக் குறைந்திருந்தது.

இந்தச் சண்டை எல்லா இடத்திலும் சமமாக நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு, போட்டியாளரின் சிப்பைக் குறைவாக வாங்கினால் தள்ளுபடி என்று நிபந்தனை போட்டதாக இன்டெல் மீது ஐரோப்பிய ஆணையம் 2009 மே மாதம் 106 கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்த அபராதம் 2022ல் நீதிமன்றத்தில் ரத்தானது. அதில் ஒரு பகுதிக் குற்றச்சாட்டுக்காக 2023ல் 37 கோடி யூரோவுக்கு மேல் மறுபடி விதித்தார்கள். 2009 நவம்பரில் ஏஎம்டிக்கு இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துத் தங்களுக்குள் இருந்த வழக்குகளை முடித்துக்கொண்டது. அந்த வருடங்களில் இரண்டு சிப்பும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் இருந்து, வாங்குபவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து ஒப்பிட்டது எங்களைப் போன்ற அசெம்பிள்டு கடைகளில்தான். இந்தத் தெருக்களுக்கு அந்த மரியாதை உண்டு.

பிறகு வறட்சி. 2011 ஜனவரியில் இன்டெல்லின் 2500கே வந்தது, 216 டாலர், அருமையான சிப். அக்டோபரில் ஏஎம்டி புல்டோசரைக் கொண்டுவந்தது. எட்டுக் கோர் என்ற பெயர் இருந்தது, ஒவ்வொரு கோரும் பலவீனம். அதோடு போட்டி படுத்துவிட்டது. 2011லும் ஐ5 என்றால் நாலு கோர், 2017 தொடக்கத்திலும் ஐ5 என்றால் நாலு கோர். சாக்கெட் மட்டும் 1155, 1150, 1151 என்று மாறிக்கொண்டே இருந்தது. பழைய போர்டில் புதிய சிப் ஏறாது. சிப்பின் விலையோடு போர்டின் விலையும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தே வந்தது. அந்த வருடங்களில் பழைய 2500கே வைத்திருந்தவர் வந்து மாற்றலாமா என்று கேட்டால், எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுவேன். லேப்டாப்பும் மலிந்துவிட்டதால் தெருவே களையிழந்து கிடந்தது.

2017 மார்ச் 2ல் ரைசன் வந்தது. ரைசன் 7 1700, எட்டுக் கோர், 329 டாலர். அந்த நேரம் இன்டெல்லின் எட்டுக் கோர் ஆயிரம் டாலருக்கு மேல். 1700க்குச் சமமான விலையில் இன்டெல்லிடம் கிடைத்தது நாலு கோர். ஏப்ரலில் ஆறு கோர் ரைசன் 5 1600, 219 டாலர். அந்த அக்டோபரிலேயே இன்டெல் 8400 என்ற ஐ5ஐ ஆறு கோரோடு 182 டாலருக்குக் கொடுத்தது. ஐ3 8100ல் நாலு கோர் வந்துவிட்டது. பத்து வருடமாக முடியாதது எட்டே மாதத்தில் முடிந்தது. ஆனால் கொட்டேஷனின் இரண்டாவது வரியைப் பார்க்க வேண்டும். இன்டெல்லின் அந்தப் புதிய சிப்களுக்கு முதல் ஆறு மாதம் விலை உயர்ந்த இசட்370 போர்டு மட்டுமே கிடைத்தது. சாக்கெட் பழைய அளவுதான், பழைய போர்டில் ஓடாது. ஐ3ஐவிட அதற்கான போர்டு விலை கூடுதலாக நின்றதை எழுதிக் காட்டினேன். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டோ 2017லிருந்து நிலைத்து நின்றது. அன்று வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022ல் வந்த 5800எக்ஸ்3டி வரை போட முடிந்தது. அதில் ஒரு தொல்லையும் இருந்தது. 2018 பிப்ரவரியில் கிராஃபிக்ஸ் சேர்ந்த ரைசன் 3 2200ஜி 99 டாலருக்கு வந்தபோது, கடையில் இருந்த பழைய ஸ்டாக் போர்டுகள் அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பயாஸ் ஏற்றுவதற்காகவே ஒரு ரைசன் 1200ஐ டிராயரில் வைத்திருந்தோம்.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். நடுத்தரச் சிப்பின் டாலர் விலை பெரிதாக ஏறவில்லை: 2006ல் 183, 2011ல் 216, 2017ல் 219. ரூபாயில்தான் நாம் கூடுதலாகக் கொடுத்தோம். 2006ல் எட்டரை ஆயிரத்துக்கு நின்ற கணக்கு, 2017ல் 14,000ஐத் தாண்டியது. அந்த ஜூலையில் 18 சதவீத ஜிஎஸ்டியும் வந்தது. அதனால்தான் அமெரிக்காவில் எழுதப்படும் சிபாரிசுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். அங்கே இருபது டாலர் வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாடு. இங்கே அது கொட்டேஷனில் இன்னொரு வரியையே மாற்றிவிடும்.

உச்சிப் படியில் இருக்கும் சிப்களுக்காக ஆசைப்படுபவர்களிடம் 2024ஐ நினைவூட்டுகிறேன். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகச் சிப்களில் பல, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு நிலைகுலைந்தன. கம்பெனியே அதை ஒப்புக்கொண்டு பயாஸ் திருத்தம் கொடுத்து, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. கடைசிப் பத்து சதவீத வேகத்துக்காக மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போனதன் விளைவு அது. எல்லாத் தலைமுறையிலும் எனக்கு நம்பிக்கை தந்தது கீழிருந்து இரண்டாவது, மூன்றாவது படி. 300ஏ அங்கேதான் இருந்தது. டியூரான், இ6300, ரைசன் 1600 எல்லாம் அங்கேதான்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள், பிறகு பட்ஜெட்டைச் சொல்லுங்கள். விளையாட்டும் வீடியோவும் இல்லையென்றால் மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பிராசசருக்குப் போக விடாதீர்கள். இன்டெல்லுக்கும் ஏஎம்டிக்கும் தனித்தனியாகக் கொட்டேஷன் கேளுங்கள். போர்டு, கூலர், வரி எல்லாம் சேர்த்து, சிப்பின் முழு மாடல் எண்ணோடு, பெட்டியில் வரும் சரக்கா இல்லை பெட்டியில்லாத டிரே சரக்கா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.